கொழுந்துக் கூடையும் எட்டாவது நரம்பும்

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி பொடனி வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்று சொன்னால் என்ன பதில் வரும் என்பது மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும். “குளிருக்கு அப்படித்தாம்மா இருக்கும்.” “வயசாகுதில்ல?” “காலங்காலமா சுமக்குறதுதானே, பழகின உடம்பு.” கொஞ்சம் தைலம், நாலு பெனடோல், மறுநாள் காலை மறுபடியும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டு. மருத்துவம் படித்தவர்கள் இதையே புள்ளிவிவரத்தோடு சொல்வார்கள். கழுத்து முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கினால் அது கழுத்தின் நடுக்கீழ்ப் பகுதியில்தான் பிதுங்கும். கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் பிதுங்குவது அரிது. தோட்டத்துப் பெண் ஒவ்வொருத்தியிடமும் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பார்கள்.

இந்த எண்ணம் தவறு. அதன் ஒவ்வொரு பகுதியிலும் ஏதோ ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால் அது இத்தனை காலம் கேள்வியின்றி நிலைத்துவிட்டது. அந்த உண்மைகளை ஒதுக்காமல், அவற்றை வைத்தே இதை மறுக்க முடியும்.

முதலில் உடம்பின் அமைப்பைப் பார்க்க வேண்டும். கழுத்தில் முள்ளெலும்புகள் ஏழு. ஆனால் கழுத்து நரம்புகள் எட்டு சோடி. எட்டாவது நரம்பு, ஏழாவது கழுத்தெலும்புக்கும் முதல் மார்பு முள்ளெலும்புக்கும் நடுவே வெளியே வருகிறது. மருத்துவர்கள் சி7–டி1 என்று எழுதும் இடம் அது. குனிந்தால் பிடரியின் அடியில் கையில் தட்டுப்படும் மேட்டை ஒட்டிய பகுதி. அங்குள்ள டிஸ்க் பிதுங்கினால் நெரிபடுவது இந்த எட்டாவது நரம்பு. அதற்கும் ஒரு படி கீழே, டி1–டி2இல் பிதுங்கினால் முதல் மார்பு நரம்பு நெரிபடும்.

இந்த இரண்டு நரம்புகளும் கையில் என்ன செய்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தோளைத் தூக்குவதும் முழங்கையை மடக்குவதும் இவற்றின் வேலை இல்லை. அவற்றை மேலேயுள்ள நரம்புகள் பார்த்துக்கொள்கின்றன. விரல் நுனிகளை மடக்கும் தசைகளும், கட்டைவிரல் நுனியை வளைக்கும் தசையும், கட்டைவிரலைச் சுட்டுவிரலோடு சேர்த்து அழுத்தும் சிறு தசைகளும் பெரும்பாலும் இவற்றின் பொறுப்பு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று சொல்லிச் சொல்லி உலகம் முழுக்கத் தேயிலை விற்கிறோமே, அந்த இரண்டு இலையையும் மொட்டையும் கிள்ளுகிற அசைவு இதுதான். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை செய்யப்படுகிற அசைவு. இந்த இடத்து டிஸ்க் பிதுங்கினால் ஆசிரியருக்கோ கடைக்காரருக்கோ பேனா பிடிப்பதும் பொத்தான் மாட்டுவதும் சிரமமாகும். கொழுந்தெடுப்பவளுக்குத் தொழிலே கையை விட்டுப் போய்விடும்.

அது போவதை முதலில் கண்டுகொள்வது எந்த வைத்தியரும் இல்லை, கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு. காலை, பகல், மாலை என்று நிறுவையில் ஏறும் கொழுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. பதினெட்டு கிலோ, இருபது கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் இலக்கை எட்டாத நாளில் பாதி நாட்கூலியான அரைப்பேர் விழுகிறது. கை பலவீனம் என்று எவரும் எழுதிக்கொள்வதில்லை. ‘வேலையில் கவனமில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். நரம்பின் நோய் ஒழுக்கத்தின் குறையாகப் பதிவாகிற கொடுமை இது. நரம்பு இற்றுக்கொண்டிருக்கும் ஒருத்தியை சோம்பேறி என்று திட்டுவதை எந்தப் புள்ளிவிவரமும் நியாயப்படுத்தாது.

இனி அந்தப் புள்ளிவிவரத்துக்கு வரலாம். கழுத்து டிஸ்க் பிதுக்கங்களில் சி7–டி1இன் பங்கு நூற்றுக்கு நான்கு முதல் எட்டு வரை என்று நூல்கள் சொல்கின்றன. மார்பு முதுகின் டிஸ்க் பிதுக்கம் எல்லா டிஸ்க் பிதுக்கங்களிலும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி மார்பு முதுகின் கீழ்ப்பாதியில் வருவதால், டி1–டி2 மிக மிக அரிது. காரணமும் தெளிவானது. முதல் மார்பு முள்ளெலும்பு விலா எலும்புகளால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. அசைவு குறைந்த இடத்தில் தேய்மானமும் குறைவு. இதெல்லாம் சரி. ஆனால் இந்த எண்கள் யாரை எண்ணி வந்தவை?

கழுத்து நரம்பு நெரிவைப் பற்றி உலகம் அதிகம் மேற்கோள் காட்டும் மக்கள்தொகை ஆய்வு 1994இல் ‘பிரெய்ன்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். பின்னாளில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இயக்குநராக இருந்த குருபத் ராதாகிருஷ்ணன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இந்நோய் கண்டறியப்பட்ட 561 பேரை அந்த ஆய்வு ஆராய்ந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 83 பேர் என்பது அதன் கணக்கு. அதிகம் பாதிக்கப்பட்டது ஏழாவது நரம்பு, அடுத்தது ஆறாவது. நேர்மையான, கவனமான ஆய்வு. ஆனால் ரோச்செஸ்டர் என்பது மேயோ கிளினிக் இருக்கும் ஊர். கழுத்து வலித்தவர் உடனே நரம்பியல் நிபுணரைப் பார்க்கக்கூடிய ஊர். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்து மூட்டை சுமப்பவர் எவரும் இல்லாத ஊர். அந்த ஊரின் விகிதாச்சாரத்தை நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, ‘இங்கும் இவ்வளவுதான்’ என்று சொல்வதற்கு அந்த ஆய்வு எந்த உரிமையும் தரவில்லை.

அரிதான ஒன்று கண்ணில் படுவதற்குக் கருவி வேண்டும். டிஸ்க் எக்ஸ்ரேயில் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். எலும்பைப் பார்க்கக்கூட இந்த இடத்தில் எக்ஸ்ரே தடுமாறுகிறது. பக்கவாட்டில் எடுக்கும் கழுத்துப் படத்தில் தோள்கள் குறுக்கே விழுந்து கடைசிக் கழுத்தெலும்பை மறைத்துவிடும். அதனால்தான் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கவைத்து எடுக்கும் ‘நீச்சல் நிலை’ப் படம் என்று தனியாக ஒன்று கதிர்ப்படத் துறையில் இருக்கிறது. அப்படி எடுக்காத படத்தைப் பார்த்து “எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு உண்மையில் சொல்லப்பட்டது என்ன? பார்க்காத இடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான்.

டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே 12ஆம் திகதி நரேந்திர மோடி திறந்துவைத்தார். மலையகத்துக்கு அது நல்ல வரவு. என்றாலும் நரம்பியல் அறுவை நிபுணரின் முன்னால் போய் உட்கார, ஹட்டன் பக்கத்தவர்கள் கண்டிக்கோ கொழும்புக்கோ பஸ் ஏற வேண்டும். போகும் நாளின் பேர் போய்விடும். கூட வருகிறவரின் பேரும் போய்விடும். முதல் நாள் டோக்கன், இன்னொரு நாள் படம், வேறொரு நாள் முடிவு என்று அலைச்சல் நீளும். வழியிலேயே கைவிட்டவர்கள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. அவர்களைச் சேர்க்காமல் வந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர்களிடமே ‘உங்களுக்கு இது வராது’ என்று சொல்வது வட்டம் சுற்றும் தர்க்கம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் பார்த்துவிட வேண்டும். ராதாகிருஷ்ணன் குழுவின் ஆய்வில், நோய் தொடங்குமுன் உடலுழைப்போ அடிபட்டதோ காரணமாக இருந்தது நூற்றுக்கு பதினைந்து பேருக்கும் குறைவு. அதற்கு அடுத்த ஆண்டே, 1995இல், மிஷேல் பட்டியேவும் சகாக்களும் ஃபின்லாந்து நாட்டு இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வு, டிஸ்க் தேய்வில் வேலைச்சுமையின் பங்கு மிகச் சிறியது, பரம்பரையின் பங்கே பெரியது என்று காட்டி முதுகெலும்பு மருத்துவத்தின் எண்ணத்தையே திருப்பிப் போட்டது. ‘சுமைக்கும் டிஸ்குக்கும் சம்பந்தமில்லை’ என்று தோட்ட நிர்வாகத்தின் பக்கம் நின்று பேசுகிறவருக்கு இவை இரண்டும் போதும்போலத் தோன்றும்.

போதாது. முதல் ஆய்வு விசாரித்தது நோய் வெடிப்பதற்குச் சற்று முன் நடந்த சம்பவத்தை. இருபது வருடம் தினமும் தலையில் கயிறு மாட்டியது ஒரு சம்பவம் இல்லை. அந்தக் கணக்கில் அதற்கு இடமே கிடையாது. இரண்டாவது ஆய்வு பார்த்தது ஃபின்லாந்து ஆண்களின் இடுப்புப் பகுதியை, கழுத்தடியை இல்லை. படத்தில் தெரியும் தேய்வை, நரம்பு நெரிவை இல்லை. அதையெல்லாம் விட்டுவிடுவோம், டிஸ்க் பரம்பரையாகவே பலவீனமானது என்றே வைத்துக்கொள்வோம். பலவீனமான டிஸ்க் உள்ளவளின் தலையில் சுமையைத் தொங்கவிடலாம் என்று அதிலிருந்து எப்படி முடிவுக்கு வருவது? பிறவியிலேயே மெலிந்த தட்டு என்றால் அதைக் காப்பாற்றும் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

கழுத்தடியில் சுமை எப்படி விழுகிறது என்பதைக் கொழுந்து மலையில் நின்று பார்த்தாலே புரியும். பிரம்புக் கூடை இருந்த இடத்தில் இன்று பல தோட்டங்களில் சாக்குப் பை வந்துவிட்டது. தொங்கும் முறை மாறவில்லை. கயிறு உச்சந்தலையில், கீழே மடித்த துணி, மூட்டை முதுகில். மூட்டை தலையைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுக்கிறது. கண் செடியின் மட்டத்தில் இருப்பதால் கழுத்து முன்னுக்குத் தள்ளி நிற்கிறது. சரிவில் ஏறும்போது உடம்பே முன்னால் சாய்கிறது. அசையும் கழுத்து, அசையாத முதுகோடு சேருமிடத்தில் இந்த இழுபறி முழுவதும் வந்து முட்டுகிறது. கைபேசி பார்ப்பவர்களின் கழுத்தைப் பற்றி 2014இல் நியூயார்க் முதுகெலும்பு அறுவை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டார்: தலை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் சுமார் 27 கிலோ பாரம் விழும் என்று. அது கணினி மாதிரிதான், உடம்பில் அளந்தது இல்லை. ஆனாலும் அந்த எண் உலகம் சுற்றியது, செய்தித்தாள்கள் எழுதின, கழுத்துப் பயிற்சிகள் விற்பனைக்கு வந்தன. வெறுந்தலையோடு திரையைப் பார்ப்பவரின் கழுத்துக்கு இவ்வளவு கவலை என்றால், தலையில் கயிறும் முதுகில் பச்சைக் கொழுந்தும் மழையில் ஊறிய சாக்குமாகச் சரிவில் ஏறுபவளின் கழுத்து ஏன் எவரின் கவலையாகவும் ஆகவில்லை?

‘பழகின உடம்பு’ என்பவர்கள் நேபாளத்துச் சுமைகூலிகளைக் காட்டுவார்கள். 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, நெற்றிப்பட்டையில் சுமக்கும் நேபாள ஆண்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 93 சதவீதத்தையும் பெண்கள் 66 சதவீதத்தையும் தூக்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அதுவும் மிகக் குறைந்த சக்திச் செலவில். வியப்பான உண்மை. ஆனால் அந்த ஆய்வு அளந்தது சக்திச் செலவை மட்டும். அவர்களின் முள்ளெலும்புகளை அல்ல. திறமையாகச் சுமப்பதும் சேதமில்லாமல் சுமப்பதும் ஒன்றாகிவிடாது. கழுத்தைப் பார்த்தவர்கள் வேறு விதமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தலைச்சுமைக்காரர்களின் கழுத்துக் காயங்களை ‘சுமைகூலியின் கழுத்து’ என்ற பெயரிலேயே 1968இல் பிரித்தானிய மருத்துவ இதழில் லெவி என்ற மருத்துவர் விவரித்தார். அன்றைய ரொடீசியா, இன்றைய சிம்பாப்வேயிலிருந்து. 1997இல் ஆப்பிரிக்கத் தலைச்சுமைக்காரர்களைச் சுமக்காதவர்களோடு ஒப்பிட்டுப் படம் எடுத்தவர்கள், சுமந்தவர்களின் கழுத்தெலும்பில் தேய்வு பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள்.

இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் இதே கழுத்தடியில் நடந்தது. ஏழாவது கழுத்தெலும்பின், முதல் மார்பு முள்ளெலும்பின் பின்முள் தானாக முறிவது சாதாரண மக்களிடையே அபூர்வம். 1930களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் களிமண் வெட்டி எறிந்த தொழிலாளர்களிடமும், ஜெர்மனியில் மண்வெட்டியோடு நிறுத்தப்பட்ட தொழிற்படைக்காரர்களிடமும் அது வரிசையாக வந்தது. மண் ஒட்டிக்கொண்ட மண்வெட்டியை வீசும்போது தோள்தசைகள் அந்த முள்ளை இழுத்து முறித்தன. மருத்துவம் அதற்குத் தொழிலாளியின் பெயரையே வைத்தது. இன்றும் நூல்களில் அது களிமண் வெட்டுபவரின் முறிவு. ஊருக்கெல்லாம் அரிதாக இருந்தது ஒரு தொழிலுக்கு வழக்கமாக இருந்தது. மருத்துவர்கள் அந்தத் தொழிலாளர்களிடம் போய்ப் பார்த்ததால் அது தெரிந்தது. சராசரியைப் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

ஜெர்மனி இன்னும் ஒரு படி போனது. கனமான சுமையைத் தோளில் நீண்ட காலம் சுமந்ததால் வரும் கழுத்து டிஸ்க் நோயை 1993 முதல் சட்டபூர்வமான தொழில்நோயாக அது ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே மனதில் வைக்கப்பட்டவர்கள் இறைச்சிக்கூடங்களில் 50 கிலோவும் அதற்கு மேலும் தோளில் சுமந்தவர்கள். கொழுந்துப் பையின் எடை அவ்வளவு வராது. அந்தச் சட்டத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கழுத்து டிஸ்க் ஒரு தொழில்நோயாக இருக்க முடியும் என்ற கொள்கை அங்கே முப்பது வருடங்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2010 தொழில்நோய்ப் பட்டியலும், வேலையோடு தொடர்பு நிறுவப்படும் பிற தசை-எலும்பு நோய்களைச் சேர்க்க வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. இலங்கையின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934இல் எழுதப்பட்டது; விபத்தையும் பட்டியலிட்ட நோய்களையும் சுற்றி எழுதப்பட்டது. மெல்ல மெல்ல வந்த கழுத்துச் சேதத்துக்கு அதில் வழி தேடும் தொழிலாளிதான் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

‘பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுமே’ என்றும் கேட்கிறார்கள். சரியாகும். ரோச்செஸ்டர் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் கடைசியாகப் பார்த்தபோது வலியில்லாமலோ சிறு தொந்தரவோடோதான் இருந்தார்கள். நாலில் ஒருவருக்குத்தான் அறுவை நடந்தது. ஆனால் சரியாவதற்கு நரம்புக்குச் சில வாரங்களாவது ஓய்வு வேண்டும், சுமை இறங்க வேண்டும். 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாகவும் உயர்ந்த நாட்கூலியும் வேலைக்குப் போனால்தான் கிடைக்கும். ஆறு வாரம் கயிறு மாட்டாதே என்று சீட்டு எழுதும் வைத்தியர், அந்த ஆறு வாரத்துக்கு லேசு வேலை கொடுக்கும்படி தோட்டத்துக்கும் எழுதாவிட்டால் அந்தச் சீட்டு வெறும் காகிதம். பத்தில் ஒன்பது என்ற நம்பிக்கை ஓய்வெடுக்க முடிந்தவர்களிடமிருந்து வந்தது.

சரியாகாத பத்தாவது ஆளை மறந்துவிடவும் கூடாது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதை குழிந்துவிட்டால் நரம்பு நெடுநாளாகச் சேதப்பட்டிருக்கிறது என்று பொருள். அது மீள்வது கடினம். மார்பு முதுகில் தண்டுவடம் போகும் பாதை ஒடுக்கம். அங்கே பிதுங்கியது நடுவில் அழுத்தினால் கால் தள்ளாடும். தேயிலைச் சரிவில் கால் தள்ளாடும் பெண் விழுவாள். விழுந்த பிறகு அது ‘வழுக்கி விழுந்த விபத்து’ என்று எழுதப்படும். முதல் மார்பு நரம்பு நெரிந்தால் ஒரு பக்கத்துக் கண்ணிமை தொங்கி, கண்மணி சுருங்கவும் கூடும். கண்ணைப் பார்த்துக் கழுத்தைச் சந்தேகிக்க, இப்படியொரு நோய் இருக்கிறது என்ற நினைவு வேண்டும். தவிரவும், அதே நரம்புகளை நுரையீரல் உச்சியில் வரும் புற்றுநோயும் நெரிக்கும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போவது தொழுநோயாகவும் இருக்கலாம். இலங்கையில் அது இன்னும் ஒழிந்துவிடவில்லை. டிஸ்க் இல்லை என்று முடிவானால்கூட, தேடியது வீண்போகாது.

தேடுவதற்குப் பெரிய செலவும் இல்லை. கட்டைவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் வளையமாகச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்பது. முழங்கையிலேயே நரம்பு நெரிந்திருந்தால் மரப்பு கையோடு நின்றுவிடும், கட்டைவிரல் நுனி வளைவதில் பலம் குறையாது. கழுத்தடியில் நெரிந்திருந்தால் முன்கையின் உள்பக்கமும் மரக்கும், கட்டைவிரல் நுனியும் தளரும். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை. சுமையைக் குறைப்பதும் ஆகாத காரியம் இல்லை. கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் மாட்டித் தொழிற்சாலைக்கு இறக்கிய தோட்டங்கள் இதே மலைகளில் இருந்தன. இலைக்கு வழி செய்யத் தெரிந்த நிர்வாகத்துக்குக் கழுத்துக்கும் வழி செய்யத் தெரியும். கயிறைத் தலையிலிருந்து இரண்டு தோள்களுக்கும் இடுப்புக்கும் மாற்றிய பை, மலைக்கு நடுவில் இன்னொரு நிறுவை இடம், பை நிறையுமுன் இறக்கிவைக்க நேரம்: இவற்றுக்குத் தொழிற்சங்கங்கள் கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் இதுவரை கொடுத்த இடம் போதாது.

நிறுவைப் பதிவேடு ஏற்கெனவே எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. பல வருடம் ஒரே அளவில் கொழுந்தெடுத்த ஒருத்தியின் கிலோ மூன்று மாதமாக இறங்கிக்கொண்டே வந்தால் அவளை டிஸ்பென்சரிக்கு அனுப்பி, விரல்களைச் சோதித்து, கண்டி கிளினிக்குக்கு எழுதும் கடிதத்தோடு அந்தப் பதிவேட்டின் பக்கத்தையும் பிரதியெடுத்து இணைக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். கணக்கப்பிள்ளையும் தோட்ட வைத்திய உதவியாளரும் மாதம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால் போதும். அடுத்த சம்பள மாதத்திலிருந்தே தொடங்கலாம்.